கூறியது கூறலும் மாறுகொளக் கூறலும்: தோராவை யூத உரைகாரர் வழியில் படிக்கும் முறை

பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரமே நன்னூலாசிரியர் பவணந்தி முனிவரின் ஊரான சனகை என்பது எங்கள் பகுதியாரின் கொள்கை. அவர் தொகுத்துச் சொன்ன பத்து வகை நூற்குற்றங்களில் ‘கூறியது கூறல்’ ஒன்று, ‘மாறுகொளக் கூறல்’ இன்னொன்று. அந்தச் சூத்திரத்தை வகுப்பில் பல ஆண்டுகள் நடத்தி ஓய்வுபெற்ற நான், விவிலியத்தின் முதல் ஐந்து ஆகமங்களை வரிசையாகப் படிக்க உட்கார்ந்தபோது, இந்த இரண்டும் அடிக்கடி எதிர்ப்பட்டன. உலகம் இரண்டு முறை படைக்கப்படுகிறது. நோவாவின் பேழைக்குள் ஓரிடத்தில் எல்லா உயிரிலும் ஒவ்வொரு சோடி என்றும், அடுத்த அதிகாரத்தில் சுத்தமான விலங்குகளில் ஏழேழு சோடி என்றும் கட்டளை வருகிறது. மனைவியைச் சகோதரி என்று சொல்லித் தப்ப முயலும் நிகழ்ச்சி மூன்று முறை வருகிறது. பன்னிரண்டு கோத்திரத் தலைவர்கள் கொண்டுவந்த ஒரே மாதிரியான காணிக்கை, பன்னிரண்டு முறையும் எடையோடு எழுதப்பட்டிருக்கிறது.

இந்த ஐந்து நூல்களையும் தோரா என்று அழைத்து, 54 பகுதிகளாகப் பிரித்து, வாரவாரம் வாசித்து ஓராண்டில் முடிக்கும் யூதர்களுக்கு இவை தெரியாமல் இருந்ததில்லை. அவர்களுடைய ஆசிரியர்கள் இவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவைத்துக் கேள்வி கேட்டு, விடை சொல்லி, அந்த விடையையும் மறுத்து எழுதியிருக்கிறார்கள். ‘இது கூறியது கூறலாகாதோ எனின், ஆகாது’ என்று தாமே தடை எழுப்பித் தாமே விடை சொல்லும் நம் உரைகாரர்களைப் படித்துப் பழகியவர்களுக்கு அந்த ஆசிரியர்களின் பேச்சு அந்நியமாக இராது. சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்கு நல்லாரும் கொங்கு நாட்டு நிரம்பையைச் சேர்ந்தவர் என்பதால், உரை என்றால் என்ன என்று இந்தப் பக்கத்து வாசகருக்கு நான் விளக்கத் தேவையில்லை. கையில் ஒரு தமிழ் விவிலியமும் வாரத்தில் இரண்டு மணி நேரமும் உள்ள எவரும், அவர் எந்தச் சமயத்தவராயினும், அந்த முறையில் எப்படிப் படிக்கலாம் என்பதை எனக்குப் பழகிய அளவில் இங்கே எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு முன்

முதலில் ஓர் எண்ணத்தை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். இந்த நூலில் வீணான சொல் ஒன்றும் இல்லை என்பது யூத உரைகாரர்களின் அடிப்படை. அதை நீங்கள் நம்ப வேண்டும் என்பதில்லை. ஆனால் படிக்கிற நேரம் முழுவதும் அதை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால், ‘எழுதியவர் கவனிக்காமல் விட்டுவிட்டார்’ என்று சொன்ன கணத்தில் தேடல் நின்றுவிடும். அந்த மரபுக்குள்ளேயே இதில் இரண்டு போக்குகள் உண்டு. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ரபி (யூத வேத ஆசிரியர்) அகீவா, மிகையாகத் தோன்றும் ஒவ்வொரு சொல்லிலிருந்தும் பொருள் எடுத்தவர். அவர் காலத்தவரான ரபி இஷ்மவேலின் வழியினரோ, தோரா மனிதர் பேசும் மொழியிலேயே பேசுகிறது, ஆகவே சொல் இரட்டித்து வருவதெல்லாம் புதுப்பொருள் தர வேண்டியதில்லை என்றார்கள். இந்த இரண்டு குரலும் கூடவே இருக்கட்டும். ஒன்று உங்களைக் கூர்மையாகப் பார்க்க வைக்கும், மற்றொன்று இல்லாததைக் கண்டுவிடாமல் தடுக்கும்.

அடுத்தது துணை. யூதப் பாடசாலைகளில் இருவர் எதிரெதிரே அமர்ந்து, ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் மறுத்துக் கேட்டுப் படிப்பதை ஹெவ்ருத்தா என்கிறார்கள். தனியே படிப்பவர் தமக்குப் பிடித்த விடையோடு நின்றுவிடுவார். என்னோடு படிப்பவர் ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கிறார். சிறு வயதிலிருந்து ஞாயிறுதோறும் கேட்டு வளர்ந்ததால் அவருக்குக் கதை முழுவதும் மனப்பாடம், எனக்கு இலக்கணம் பழக்கம். இந்த ஏற்றத்தாழ்வு நல்லது.

மூன்றாவது, உரைகள். 1524-25இல் வெனிஸ் நகரில் டேனியல் பாம்பர்க் அச்சிட்ட பதிப்பில் பக்கத்தின் நடுவே மூலமும் சுற்றிலும் பல உரைகளுமாக அமைத்தார்கள். இன்றுவரை அந்த அமைப்பே நிலைத்திருக்கிறது. ஒரே வசனத்துக்கு முரண்பட்ட உரைகள் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருப்பதை வாசகர் கண்ணால் காண்கிறார். நமக்கு அச்சுப் புத்தகம் கிடைக்காவிட்டாலும், செஃபாரியா என்னும் இணைய நூலகத்தில் மூலமும் ராஷி முதலிய உரைகாரர்களின் உரைகளும் ஆங்கில மொழிபெயர்ப்போடு கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அங்கே தேடும்போது வசன எண் தமிழ் விவிலியத்தின் எண்ணோடு சில இடங்களில் சற்று மாறுபடும். வசனம் காணவில்லை என்று திகைக்காமல் முன்பின் பாருங்கள்.

உரையைத் திறக்காமல் இரண்டு பத்திகளை எழுதுதல்

உரைகளை வைத்துக்கொண்டே முதல் நாள் அவற்றைத் திறக்கக் கூடாது என்பது என் கண்டிப்பான கருத்து. நோட்டுப் புத்தகத்தின் பக்கத்தை நடுவில் கோடிட்டுப் பிரித்து, முதல் தடவை சொல்லப்பட்டதை இடப்புறமும் இரண்டாம் தடவை சொல்லப்பட்டதை வலப்புறமும் வசனம் வசனமாக எழுதுங்கள். கையால் எழுதும்போதுதான் கண் தாண்டிப் போனது அகப்படும்.

பழகுவதற்கு மிகச் சிறந்த இடம் ஆதியாகமம் 24ஆம் அதிகாரம். ஆபிரகாம் தன் மகன் ஈசாக்குக்குப் பெண் கொள்ள வீட்டு ஊழியரை அனுப்புகிறார். அவர் கிணற்றடியில் ரெபெக்காளைக் காண்கிறார். பிறகு பெண் வீட்டில், உணவைத் தொடாமல், நடந்தது முழுவதையும் மீண்டும் ஒருமுறை சொல்கிறார். முதல் வாசிப்பில் அலுப்பாகத் தோன்றும். உடுக்கையடித்து அண்ணன்மார் கதை பாடும் இரவுகளில், தூது வந்தவர் நாம் ஏற்கெனவே கேட்ட செய்தியை மறுபடியும் முழுதாகச் சொல்வதைக் கேட்டிருப்போம். அதுபோன்றது என்று கடந்துவிடத் தோன்றும். இரண்டு பத்திகளாக எழுதியபோதோ எங்கள் நோட்டில் ஐந்தாறு வேறுபாடுகள் விழுந்தன.

நிகழ்ச்சியில் ஊழியர் முதலில் மூக்கணியையும் இரண்டு கடகங்களையும் எடுத்த பிறகே ‘நீ யாருடைய மகள்’ என்று கேட்கிறார். பெண் வீட்டில் சொல்லும்போது முதலில் கேட்டதாகவும் பிறகு அணிவித்ததாகவும் சொல்கிறார். ஆபிரகாம் புறப்படும்போது ‘அந்தப் பெண் உன்னோடு வர விரும்பாவிட்டால்’ என்று சொல்லியிருந்தார். பெண் வீட்டாரிடம் அது ‘அவர்கள் பெண் கொடுக்காவிட்டால்’ என்று மாறுகிறது. ஆண்டவர் தம்மைத் தந்தை வீட்டிலிருந்து அழைத்து வந்தார் என்று ஆபிரகாம் சொன்ன சொற்கள் மறுமொழியில் காணவே இல்லை.

நம் ஊரில் பெண் கேட்டுப் போன பெரியவர் ஒருவரை அருகிலிருந்து பார்த்தவருக்கு இது ஏன் என்று தெரிந்துவிடும். முடிவு பெண் வீட்டார் கையில் இருப்பதாக அவர்களிடம் பேசுவதே முறை. ‘உங்கள் சொந்தத்தை விட்டுப் பிரித்து ஆண்டவர் எங்கள் எசமானரை அழைத்துப் போனார்’ என்பதை அந்தச் சொந்தத்தின் திண்ணையிலேயே உட்கார்ந்து யாரும் சொல்ல மாட்டார்கள். முதல் வேறுபாட்டுக்கு, பிரான்ஸ் நாட்டு துரோவா நகரில் வாழ்ந்த ராஷி (1040-1105) சொல்லும் விடை இந்த வகையினதே: ஊழியர் உண்மையில் முதலில் கொடுத்துப் பிறகுதான் கேட்டார், ஆனால் ‘யாரென்றே தெரியாமல் எப்படி நகை கொடுத்தீர்’ என்று அவர்கள் பிடித்துக்கொள்ளாதபடி வரிசையை மாற்றிச் சொன்னார்.

அதே பகுதியில் எழுத்தளவிலும் ஒரு வேறுபாடு இருப்பதை ராஷி காட்டுகிறார். ‘ஒருவேளை அந்தப் பெண் வராவிட்டால்’ என்று ஊழியர் சொல்லும் இடத்தில், ‘ஒருவேளை’ என்பதற்கான எபிரேயச் சொல் ‘உலாய்’. உயிரொலிகளைப் பெரும்பாலும் எழுதாமல் விடும் அந்த மொழியில், முதல் முறை நிறைவாக எழுதப்பட்ட இச்சொல் மறுமுறை ஓர் எழுத்துக் குறைந்து வருகிறது. குறைந்த வடிவத்தை ‘எலாய்’ என்றும் படிக்கலாம். அதன் பொருள் ‘என்னிடம்’. ஊழியருக்கு ஒரு மகள் இருந்தாள், எசமானர் தம்மிடமே சம்பந்தம் பேசக்கூடும் என்ற ஆசை அவர் மனத்தின் ஓரத்தில் இருந்தது என்று, மித்ராஷ் எனப்படும் பழைய வேத விளக்கத் தொகுப்பின் கதையை ராஷி இங்கே எடுத்துவைக்கிறார். விடுபட்ட ஓர் எழுத்துக்குள் ஒரு தகப்பனின் மனம் இருப்பதாகக் கண்ட இந்த வாசிப்பு என்னைப் பல நாள் விடவில்லை.

உடனே எதிர்க்குரலையும் கேட்க வேண்டும். நார்போன் நகரின் இலக்கண அறிஞர் தாவீது கிம்ஹி இந்த அதிகாரத்திலேயே, சொற்கள் மாறினாலும் பொருள் ஒன்றுதான், ஒன்றைத் திரும்பச் சொல்லும்போது பொருளைக் காத்துச் சொல்லை மாற்றுவது வேதத்தின் வழக்கம் என்கிறார். ஸ்பெயினைச் சேர்ந்த ஆபிரகாம் இப்னு எஸ்ரா, சொற்கள் உடல் போன்றவை, பொருள் உயிர் போன்றது என்று பத்துக் கட்டளைகளின் இரண்டு வடிவங்களைப் பற்றி எழுதும்போது கூறுகிறார். ஆகவே உங்கள் பத்திகளில் விழும் ஒவ்வொரு வேறுபாட்டையும் தங்கமாக எண்ணிவிட வேண்டாம். சொல்பவர் யார், யாரிடம் சொல்கிறார், மாற்றத்தால் அவருக்கு என்ன கிடைக்கிறது என்ற மூன்றுக்கும் விடை இருந்தால் வேறுபாட்டை வைத்துக்கொள்ளுங்கள். இல்லையானால் கிம்ஹியின் பக்கம் சாய்வதே நேர்மை.

விடைக்கு முன் கேள்வி

ரீகாவில் பிறந்து எருசலேமில் கற்பித்த நெஹாமா லெய்போவிட்ஸ் (1905-1997) என்னும் ஆசிரியை, 1942 முதல் பல ஆண்டுகள் வாரப் பகுதிக்கு வினாத்தாள் தயாரித்து அஞ்சலில் அனுப்பினார். விடை எழுதி அனுப்பியவர்களுக்குத் திருத்தியும் அனுப்பினார். ‘ராஷிக்கு இங்கே என்ன இடறுகிறது?’ என்பது அவரோடு சேர்த்துச் சொல்லப்படும் கேள்வி. உரைகாரரின் விடையைப் படித்தவுடன், மூலத்தில் எந்தச் சொல் அவரை நிறுத்தியது என்று பின்னோக்கிப் போக வேண்டும். அந்தச் சொல் அகப்படாவிட்டால் உரை உங்களுக்கு இன்னும் புரியவில்லை என்று கொள்ளுங்கள்.

ஒரு சிறிய எடுத்துக்காட்டு. யாக்கோபின் மகன் யோசேப்பை அவன் அண்ணன்மார் தூக்கிப் போட்ட குழியைப் பற்றி ஆதியாகமம் 37:24, அது வெறுமையாக இருந்தது, அதில் தண்ணீர் இல்லை என்கிறது. வெறுமை என்றாலே தண்ணீர் இல்லைதானே? இந்தக் கூறியது கூறலுக்கு யூத ஆசிரியர்களின் விவாதங்களைத் தொகுத்த தல்மூது என்னும் பழைய நூலிலிருந்து ராஷி தரும் விடை: தண்ணீர்தான் இல்லை, பாம்பும் தேளும் இருந்தன. காங்கேயம், தாராபுரம் பக்கம் வறண்டு கைவிடப்பட்ட கிணற்றை எட்டிப் பார்த்தவர் எவரும் இதைக் கேட்டு வியக்க மாட்டார்.

இங்கே நான் செய்த பிழையையும் சொல்ல வேண்டும். ஓர் ஊர் நூலகத்தில் பேசும்போது, யோசேப்பைப் பாம்பும் தேளும் நிறைந்த குழியில் போட்டதாக விவிலியம் சொல்கிறது என்று சொல்லிவிட்டேன். பள்ளி மாணவி ஒருத்தி எழுந்து, எந்த வசனம் என்று கேட்டாள். விவிலியத்தில் அப்படி வசனம் இல்லை, அது உரை. மூலத்தின் நேர்ப்பொருளைப் பெஷாத் என்றும், அதன் இடுக்கிலிருந்து விரித்தெடுக்கும் பொருளைத் தெராஷ் என்றும் யூத மரபு தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. அந்தப் பிரிவை நான் அன்று கலைத்துவிட்டேன். அன்றிலிருந்து எங்கள் நோட்டில் மூலம் நீல மையிலும் உரை சிவப்பு மையிலும் எழுதப்படுகின்றன. நீங்களும் முதல் நாளிலேயே அப்படித் தொடங்குங்கள்.

முரண்படும் இரண்டு வசனங்களும் மூன்றாவதும்

ரபி இஷ்மவேலின் பெயரால் வழங்கும் பதின்மூன்று விதிகள் யூதர்களின் காலைப் பிரார்த்தனையில் ஓதப்படுகின்றன. அவற்றில் கடைசி விதி: இரண்டு வசனங்கள் ஒன்றையொன்று மறுத்தால், மூன்றாவது வசனம் வந்து தீர்க்கும்வரை காத்திருக்க வேண்டும். ஆண்டவர் சீனாய் மலைமேல் இறங்கினார் என்கிறது யாத்திராகமம் 19:20. வானத்திலிருந்து உங்களோடு பேசினேன் என்கிறது 20:22. வானத்திலிருந்து தம் குரலைக் கேட்கப்பண்ணினார், பூமியில் தம் பெரிய நெருப்பைக் காட்டினார் என்கிறது உபாகமம் 4:36. மூன்றாவது வசனம் இரண்டில் எதையும் பொய்யாக்காமல், குரலுக்கு ஓர் இடமும் நெருப்புக்கு ஓர் இடமும் கொடுத்துவிடுகிறது. எனவே முரண் தென்பட்டதும் தேட வேண்டியது சமாதானத்தை அல்ல, இன்னொரு வசனத்தை.

எண்களில் முரண் வந்தால் காகிதத்தில் கணக்குப் போடுங்கள். ஆபிரகாமின் சந்ததி 400 ஆண்டு அந்நிய நாட்டில் ஒடுக்கப்படும் என்று ஆதியாகமம் 15:13 முன்னறிவிக்கிறது. எகிப்தில் குடியிருந்த காலம் 430 ஆண்டு என்கிறது யாத்திராகமம் 12:40. ஆனால் யாக்கோபோடு எகிப்துக்குப் போனவர்களின் பட்டியலிலேயே அவர் பேரன் கோகாத் இருக்கிறார். அவர் வாழ்ந்தது 133 ஆண்டு, அவர் மகன் அம்ராம் 137 ஆண்டு, அம்ராமின் மகன் மோசே எகிப்து அரசனான பார்வோனிடம் பேசியபோது அவருக்கு வயது 80. ஒருவர் இறந்த ஆண்டில்தான் அடுத்தவர் பிறந்தார் என்று வைத்தாலும் 350ஐத் தாண்டாது. முதல் தடவை இந்த இடத்தில் நான் ஏடெழுதினவர் பிழை என்று குறித்துவிட்டு அடுத்த அதிகாரத்துக்குப் போய்விட்டேன்.

ராஷி அப்படிப் போகவில்லை. 400 ஆண்டு ஈசாக்கின் பிறப்பிலிருந்து எண்ணப்படுகிறது என்கிறார். ‘உன் சந்ததி’ என்று சொல்லத்தக்கவர் அன்றுதான் பிறந்தார், அவரும் அந்நியராகவே வாழ்ந்தார். ஈசாக்குக்கு 60 வயதில் யாக்கோபு பிறந்தார், யாக்கோபு 130 வயதில் பார்வோன்முன் நின்றார். இரண்டும் சேர்ந்து 190. 400இல் 190 போக எகிப்தில் கழிந்தது 210 ஆண்டு. 430 என்பதோ ஆபிரகாமோடு உடன்படிக்கை செய்த நாளிலிருந்து. யாக்கோபு தம் மக்களை எகிப்துக்கு ‘இறங்கிப் போங்கள்’ என்று அனுப்பும்போது சொன்ன ‘ரெது’ என்ற சொல்லின் எழுத்துகளுக்கு எண்மதிப்பு 200, 4, 6. கூட்டினால் அதே 210 என்பதையும் ராஷி காட்டாமல் விடவில்லை. எண்மதிப்பை மட்டும் நம்பி நான் எதையும் முடிவு செய்ய மாட்டேன். ஆனால் வயதுகளை வைத்துப் போட்ட கணக்கு உறுதியானது.

அந்தக் கணக்கே அடுத்த முடிச்சுக்குக் கொண்டுபோகிறது. ஈசாக்கு பிறந்தபோது ஆபிரகாமுக்கு வயது 100. ஆகவே முப்பது ஆண்டு முன் நடந்த உடன்படிக்கையின்போது 70. ஆனால் 75 வயதில் அவர் ஆரானை விட்டுப் புறப்பட்டது 12ஆம் அதிகாரத்திலும், உடன்படிக்கை 15ஆம் அதிகாரத்திலும் அல்லவா இருக்கின்றன? தோராவில் முன்பின் இல்லை, அதாவது நிகழ்ந்த வரிசையிலேயே எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பது தல்மூதில் வரும் விதி. அதற்கு அசைக்க முடியாத சான்று எண்ணாகமத்தில் இருக்கிறது: முதல் அதிகாரம் இரண்டாம் ஆண்டு இரண்டாம் மாதத்தில் தொடங்குகிறது, 9ஆம் அதிகாரம் அதே ஆண்டின் முதல் மாதத்தில். இருந்தாலும் கேட்டலோனியாவின் ஜெரோனா நகரில் 1194இல் பிறந்த உரைகாரர் ராம்பான், வேதமே வெளிப்படையாகக் காட்டினாலொழிய வரிசையைக் கலைக்கக் கூடாது என்று இந்த விதிக்கு வேலி போட்டார். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. இதை எல்லாப் பூட்டுக்கும் சாவியாக்கினால் எந்தக் கதையையும் எப்படியும் மாற்றி அடுக்கிவிடலாம்.

யோசேப்பை விற்றவர் யார்

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் ஒருசேரப் பழக வேண்டுமானால் ஆதியாகமம் 37இல் ஒரு மாதம் தங்குங்கள். அண்ணன்மார் சாப்பிட உட்காருகிறார்கள். கீலேயாத்திலிருந்து ஒட்டகங்களோடு வரும் இஸ்மவேலரைக் காண்கிறார்கள். இவர்களிடம் விற்றுவிடலாம் என்கிறான் யூதா. 28ஆம் வசனத்தில் மீதியானிய வணிகர் கடந்துபோகிறார்கள். குழியிலிருந்து தூக்கி எடுத்து, இருபது வெள்ளிக்காசுக்கு இஸ்மவேலரிடம் விற்றார்கள். யார் தூக்கினார்கள்? எபிரேயத்திலும் தமிழிலும் வினைமுற்றின் விகுதியே ‘அவர்கள்’ என்பதை உணர்த்திவிடுவதால் எழுவாய் மறைந்து நிற்கிறது. ரூபன் குழிக்குத் திரும்பி வந்து, தம்பியைக் காணாமல் உடையைக் கிழித்துக்கொள்கிறான். 36ஆம் வசனம் எகிப்தில் போத்திபாரிடம் விற்றவர்கள் மீதியானியர் என்கிறது. எபிரேய மூலத்தில் அந்தப் பெயரும் ‘மெதானியர்’ என்று ஓர் எழுத்து வேறுபட்டு நிற்கிறது. 39:1இலோ போத்திபார் இஸ்மவேலரிடமிருந்து வாங்கினான்.

நாங்கள் இதை எழுதிவைத்திருந்த மாலையில் மண்டிக்காரர் சற்று நேரம் யோசித்துவிட்டு, “வாத்தியாரய்யா, மூட்டை யாருதுன்னு கேட்டா யாவாரி பேரைச் சொல்லுவமுங்க. எதுல போச்சுன்னு கேட்டா லாரிக்காரர் பேரைச் சொல்லுவம். ரெண்டும் ஒரே லோடுதானுங்களே?” என்றார். பிறகு ராம்பானின் உரையைத் திறந்தபோது இருவரும் வாயடைத்துப் போனோம். இஸ்மவேலர் ஒட்டகங்களை வாடகைக்கு ஓட்டியவர்கள், மீதியானியர் அவற்றை அமர்த்திக்கொண்ட வணிகர் என்பதே அவருடைய விடை. வாங்கியவர் வணிகர், கொண்டுபோனவர் ஒட்டகக்காரர். ஆகவே ஓரிடத்தில் ஒருவர் பெயரும் மற்றோரிடத்தில் மற்றவர் பெயரும் வருகின்றன.

இப்னு எஸ்ரா இரண்டும் ஒரே கூட்டத்தின் பெயர்கள் என்கிறார். மீதியானியரை இஸ்மவேலர் என்றே குறிப்பிடும் நியாயாதிபதிகள் 8:24 அவருக்குத் துணை. ராஷி, அண்ணன்மார் இஸ்மவேலரிடமும், அவர்கள் மீதியானியரிடமும், அவர்கள் எகிப்திலும் விற்றார்கள், யோசேப்பு பல முறை கைமாறினான் என்று தெரிவிக்கவே இப்படி எழுதப்பட்டது என்கிறார். இது 39:1க்கு முன் நன்றாக நிற்கவில்லை என்பது என் எண்ணம்.

ராஷியின் மகள் வயிற்றுப் பேரனான ரஷ்பாம் வேறு வழியில் போகிறார். அண்ணன்மார் குழியைவிட்டுத் தள்ளி உட்கார்ந்து இஸ்மவேலரின் வருகைக்குக் காத்திருந்தபோது, வேறு பக்கமாக வந்த மீதியானியர் குழியில் கிடந்தவனைக் கண்டு தூக்கி, தாங்களே இஸ்மவேலரிடம் விற்றுவிட்டார்கள், அண்ணன்மாருக்குத் தெரியாது. 28ஆம் வசனத்தின் மறைந்த எழுவாய்க்கு இது மிக அருகில் கிடக்கும் பெயரையே கொடுக்கிறது. ரூபன் ஏன் திடுக்கிட்டான் என்பதும் விளங்குகிறது. பின்னால் சிறையில் யோசேப்பு, தன்னை எபிரேயர் நாட்டிலிருந்து களவாடிக்கொண்டு வந்தார்கள் என்று சொல்வதும் பொருந்துகிறது. ஆனால் 45:4இல் அவனே அண்ணன்மாரிடம், ‘நீங்கள் விற்றுப்போட்ட யோசேப்பு நான்தான்’ என்கிறானே? அவர்கள் செய்கையே விற்பனைக்குக் காரணமாயிற்று என்கிறார் ரஷ்பாம். இந்த இடத்தில் அவர் விடை மெலிகிறது என்று மண்டிக்காரர் இன்றும் வாதாடுகிறார். அவர் ராம்பான் பக்கம், நான் ரஷ்பாம் பக்கம்.

என் சாய்வுக்கு இன்னொரு காரணமும் உண்டு. எகிப்தில் துன்பம் வந்தபோது அண்ணன்மார் தங்களுக்குள் ஒப்புக்கொள்ளும் குற்றம் எது என்று 42:21ஐப் பாருங்கள். தம்பி கெஞ்சியபோது அவன் மனவேதனையைக் கண்டும் கேட்காமல் இருந்தோம் என்கிறார்கள். விற்றோம் என்று சொல்லவில்லை. யோசேப்பு கெஞ்சினான் என்பதே 37ஆம் அதிகாரத்தில் இல்லை. அங்கே குழிக்குள்ளிருந்து ஒரு சத்தமும் வருவதில்லை, அவர்கள் சாப்பிடுகிறார்கள். இருபது ஆண்டுக்கு மேல் கழிந்து, அவர்கள் வாயிலிருந்துதான் அந்தக் கெஞ்சல் நமக்குக் கேட்கிறது. வேதம் ஓரிடத்தில் சுருக்கி மற்றோரிடத்தில் விரிப்பது உண்டு என்று ராம்பான் இங்கே எழுதுகிறார். ஆகவே விடுபாடு ஒன்று கண்ணில் பட்டால் நோட்டில் ஒரு வரியைக் காலியாக விட்டு மேலே செல்லுங்கள். அதை நிரப்பும் வசனம் ஐந்து அதிகாரம் தாண்டி இருக்கலாம்.

இதே 37ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் ரஷ்பாம் தம் தாத்தாவோடு நடந்த உரையாடல் ஒன்றைப் பதிந்திருக்கிறார். நேர்ப்பொருளைப் பற்றி அவர் வாதாடியபோது, நாள்தோறும் புதிதாகப் பிறக்கும் நேர்ப்பொருள்களின்படி வேறு உரைகள் எழுத வேண்டும், தமக்கு நேரம் இல்லை என்று ராஷி ஒப்புக்கொண்டாராம். பேரன் மறுத்ததைத் தாத்தா ஏற்றதும், இருவர் உரையையும் பின்வந்தோர் ஒரே பக்கத்தில் அச்சிட்டதும் இந்த மரபின் இயல்பு.

முரணைத் தீர்க்காமல் வைத்துக்கொள்ளும் இடங்கள்

எல்லா இரட்டிப்பும் இப்படிப் பொருத்திப் பார்க்க வேண்டியவை அல்ல. தமிழ் விவிலியத்தைத் திறந்து முதல் படைப்புக் கதையில் ‘தேவன்’ என்று மட்டுமே வருவதையும், 2:4 முதல் ‘தேவனாகிய கர்த்தர்’ என்று மாறுவதையும் அடிக்கோடிடுங்கள். எபிரேயத்தின் இரண்டு திருப்பெயர்களைத் தமிழ் மொழிபெயர்ப்பு இப்படிக் காத்துத் தந்திருக்கிறது. முதல் பெயர் நீதியையும் இரண்டாவது இரக்கத்தையும் குறிக்கும் என்பது மரபு. மித்ராஷ் ஓர் உவமை சொல்கிறது: அரசன் ஒருவனிடம் வெறுங் கிண்ணங்கள் இருந்தன. வெந்நீர் ஊற்றினால் வெடிக்கும், குளிர்நீர் ஊற்றினால் சுருங்கி விரிசல் விடும் என்று எண்ணி, இரண்டையும் கலந்து ஊற்றினான், கிண்ணங்கள் நின்றன. இரண்டு கதையும் சேர்ந்தால்தான் உலகம் நிற்கும் என்பது இதன் கருத்து. 1965இல் ஜோசப் சோலவெய்ட்சிக் என்னும் அறிஞர், பூமியை நிரப்பி ஆளக் கட்டளை பெற்ற முதல் ஆதாமும், தோட்டத்தைப் பேணக் காவல் வைக்கப்பட்டுத் தனிமையை உணர்ந்த இரண்டாம் ஆதாமும் ஒவ்வொரு மனிதருக்குள்ளும் இருக்கும் இருவர் என்று எழுதினார். இரண்டு கதையும் இரண்டு கைகளிலிருந்து வந்தவை என்று 18ஆம் நூற்றாண்டு முதல் ஐரோப்பிய ஆய்வாளர் சொல்லிவந்தார்கள். மொர்தகாய் பிரோயர் (1921-2007) வேறுபாடுகள் மெய்யானவையே என்று அவர்களோடு உடன்பட்டு, ஒரே கடவுள் ஒரே உண்மையை இரண்டு கோணங்களில் கொடுத்தார் என்று அவர்களிடமிருந்து பிரிந்தார்.

எண்ணாகமம் 7ஆம் அதிகாரத்தின் காணிக்கைப் பட்டியலை மட்டும் தயவுசெய்து தாவிவிடாதீர்கள். ஒவ்வொரு தலைவரும் 130 சேக்கல் எடையுள்ள வெள்ளித் தட்டு, 70 சேக்கல் வெள்ளிக் கலம், 10 சேக்கல் பொன் கரண்டி. பன்னிரண்டு நாள், பன்னிரண்டு பெயர், 89 வசனங்கள். ஒவ்வொருவரும் தாமாகவே எண்ணிக் கொண்டுவந்ததால், ஒவ்வொருவரையும் தனித்தனியே பெயர் சொல்லிக் கண்ணியப்படுத்தியது வேதம் என்கிறார் ராம்பான். எங்கள் ஊர்த் திருமணங்களில் மொய் நோட்டு எழுதியிருக்கிறேன். நூற்றியொரு ரூபாய் வைத்த நாற்பது பேரையும் ‘நாற்பது பேர், தலைக்கு நூற்றியொன்று’ என்று ஒரே வரியில் எழுதிவிட முடியுமா? ஒவ்வொருவரும் தம் பெயரும் ஊரும் எழுதப்படுவதை நின்று பார்த்துவிட்டே பந்திக்குப் போவார்கள்.

விடை கிடைக்காத இடத்தில் செய்ய வேண்டியதற்கும் ராஷியே வழி காட்டியிருக்கிறார். ஆதியாகமம் 28:5, யாக்கோபு பதான் அராமுக்குப் புறப்பட்டுப் போவதைச் சொல்லும்போது, ரெபெக்காளை ‘யாக்கோபுக்கும் ஏசாவுக்கும் தாய்’ என்று குறிப்பிடுகிறது. அவள் பிரசவ வேதனையிலிருந்து படித்துவரும் நமக்கு இது தெரியாததா? ஓர் எழுத்துக் குறைந்தாலும் காரணம் கண்ட அந்த மனிதர் இங்கே, ‘இது நமக்கு என்ன கற்பிக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை’ என்று எழுதியிருக்கிறார். விடை இல்லை என்றால் உரை எழுதாமலேயே விட்டிருக்கலாம். கேள்வி அங்கே இருக்கிறது என்று பின்வருவோருக்குத் தெரிய வேண்டும் என்றே எழுதினார் என்று நான் எண்ணுகிறேன். எங்கள் நோட்டிலும் அந்த வசனத்துக்கு நேரே நீல மையில் மூலமும், சிவப்பு மையில் ராஷியின் அந்த ஒரு வரியும் இருக்கின்றன. அதன்கீழே மண்டிக்காரர் நான்கு விரற்கடை இடம் விட்டுக் கோடு போட்டு வைத்திருக்கிறார்.